வயிற்றைச் சிறிதாக்கும் ஸ்லீவ் சத்திரசிகிச்சை: திருகோணமலையில் இருந்து போய்த் திரும்புகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் அக்காவுக்கு நிறை குறைப்பதற்காக ஸ்லீவ் சத்திரசிகிச்சை கொழும்பில் நடந்தது. தியேட்டருக்குள் அவர் இருந்தது ஒன்றரை மணித்தியாலம். அதற்கு முந்திய ஐந்து மாதமும் பிந்திய இரண்டு வருடமும் உப்புவெளியில், எங்கள் வீட்டுக் குசினியில்தான் கழிந்தன. இந்தச் சிகிச்சையைப் பற்றி விசாரிக்கிறவர்கள் அந்த ஒன்றரை மணித்தியாலத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் 260 கிலோமீற்றர் தள்ளி இருக்கும்போது மிச்ச நாட்களை எப்படிச் சமாளிப்பது என்று யாரும் கேட்பதில்லை. எங்களுக்குக் கஷ்டம் தந்தது அந்த மிச்ச நாட்கள்தான். அதனால் இதை அந்தப் பக்கம் சாய்த்தே எழுதுகிறேன்.

முதலில்: உள்ளே என்ன செய்கிறார்கள்

இரைப்பை ஒரு வளைந்த பை. அதன் இடது மேற்பக்கம் பலூன்போல் புடைத்திருக்கும். நாம் சாப்பிடச் சாப்பிட விரிந்து கொடுப்பது அந்தப் பகுதிதான். ஸ்லீவ் காஸ்ட்ரெக்டமி என்ற சிகிச்சையில் அந்தப் புடைப்போடு சேர்த்து இரைப்பையின் வெளிவளைவு முழுவதையும், ஏறத்தாழ 75 முதல் 80 சதவீதத்தை, வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது நீளமான வாழைப்பழம் அளவில் ஒரு குழாய். சட்டைக் கைபோல் இருப்பதால்தான் ஸ்லீவ் என்ற பெயர்.

வயிற்றைக் கிழிப்பதில்லை. நான்கைந்து சிறு துளைகள் போட்டு, வாயுவால் வயிற்றை உப்பவைத்து, கமராவில் பார்த்துக்கொண்டே செய்கிறார்கள். வாய் வழியாக ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள குழாய் ஒன்றை இரைப்பைக்குள் இறக்கி, அதை அளவுகோலாக வைத்து, ஸ்டேப்ளர் கருவியால் வெட்டிக்கொண்டே தைத்துப் போகிறார்கள். ஒரு லீட்டருக்கு மேல் கொள்ளக்கூடிய பை, கடைசியில் 100 முதல் 150 மில்லிலீட்டர் கொள்ளும் குழாயாகிறது. தேத்தண்ணிக் கோப்பை ஒன்றுகூட நிரம்பாது. குடலில் கை வைப்பதில்லை.

வெட்டி எடுக்கும் பகுதியில் இன்னொரு சங்கதியும் உண்டு. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் அங்கேதான் சுரக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் கொஜிமாவும் கங்காவாவும் அதை 1999இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பகுதி போனதும் பலருக்கு முதல் ஒரு வருடம் பசி மிகவும் அடங்கிவிடுகிறது. அக்கா நாலு மணிக்குத் தேத்தண்ணியோடு வடை தேடாமல் இருந்ததை வீட்டில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

இந்தச் சிகிச்சை தொடக்கத்தில் தனியாக நின்ற ஒன்றல்ல. குடலையும் மாற்றியமைக்கும் பெரிய சத்திரசிகிச்சையின் முதல் பாதியாகவே இது இருந்தது. நிறை மிகக் கூடியவர்களுக்கு இரண்டையும் ஒரே நாளில் செய்வது ஆபத்து என்று, 2000ஆம் ஆண்டையொட்டி முதல் பாதியை மட்டும் செய்து அனுப்பிப் பார்த்தார்கள். அவர்களில் பலருக்கு இரண்டாம் பாதி தேவைப்படாத அளவுக்கு நிறை குறைந்தது. இன்று உலகில் நிறை குறைப்புக்காக அதிகம் செய்யப்படும் சத்திரசிகிச்சை இதுதான்.

ஒன்றை நன்றாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வெட்டியதைத் திரும்பப் பொருத்த முடியாது. இரைப்பைக்குள் பலூன் வைப்பதும், வாய் வழியாகப் போய் வெட்டாமல் தைத்துச் சுருக்குவதும் வேறு வேறு சிகிச்சைகள். பைபாஸ் என்பதும் வேறு. அதில் குடலை மாற்றி இணைப்பார்கள். பெயர்கள் குழம்பினால் “வெட்டி எடுக்கிறீர்களா, இல்லையா?” என்று நேராகவே கேளுங்கள்.

உங்களுக்குப் பொருந்துமா என்று பார்ப்பது

உடற்திணிவுச் சுட்டியைக் கணக்கிடுங்கள். கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். அக்கா 104 கிலோ, உயரம் 1.60 மீற்றர். 104ஐ 1.60ஆல் வகுத்தால் 65, மறுபடி 1.60ஆல் வகுத்தால் 40.6.

1991இல் அமெரிக்காவில் வகுத்த விதி பல வருடம் நடைமுறையில் இருந்தது: 40க்கு மேல், அல்லது 35க்கு மேல் இருந்து நீரிழிவு போன்ற நோயும் இருந்தால். 2022இல் இத்துறைச் சர்வதேசச் சங்கங்கள் அதைத் தளர்த்தின. 35க்கு மேல் என்றால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம். 30 முதல் 35க்குள் என்றால் நீரிழிவு போன்றவை இருந்தால் யோசிக்கலாம். ஆசியர்களுக்கு எல்லை இன்னும் கீழே, 27.5இல் இருந்தே யோசிக்கலாம் என்றும் சொன்னார்கள். நம் ஆட்களுக்குக் குறைந்த நிறையிலேயே வயிற்றில் கொழுப்புச் சேர்ந்து சீனி வருத்தம் வந்துவிடுகிறது என்பதுதான் காரணம். ஆனாலும் எல்லைக்குள் வந்துவிட்டோம் என்பதற்காக உடனே கத்தியின் கீழ் படுக்க வேண்டும் என்றில்லை. நிறை குறைக்கும் செமாகுளூட்டைட் போன்ற ஊசி மருந்துகளும் இப்போது இருக்கின்றன. அவற்றைப் பற்றியும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நெஞ்செரிவு உள்ளவர்கள் இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். குழாயாக மாறிய இரைப்பைக்குள் அழுத்தம் கூடுவதால் அமிலம் மேலே ஏறுவது அதிகமாகும். பின்லாந்தில் 240 பேரை ஸ்லீவ், பைபாஸ் என்று பிரித்து 10 வருடம் கவனித்தார்கள். உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதத்தினருக்கும், பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதத்தினருக்கும் இருந்தது. இரவில் புளித்த நீர் தொண்டைக்கு வந்து எழும்புகிறவர் என்றால், வாய் வழியாகக் கமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்யாமல் ஸ்லீவுக்குச் சம்மதிக்காதீர்கள். அப்படிப்பட்டவருக்குப் பைபாஸ் பொருத்தமாக இருக்கலாம்.

ஊரிலேயே முடித்துக்கொள்ள வேண்டியவை

கொழும்புக்கு வெறுங்கையோடு போனால் பரிசோதனை ஒவ்வொன்றுக்கும் ஒரு பயணம் ஆகும். வழக்கமாகப் போகும் கிளினிக் வைத்தியரிடம் விசயத்தைச் சொல்லி, கிளினிக் கொப்பி, குளிசைப் பட்டியல், பழைய ரிப்போட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோவையில் போடுங்கள். மூன்று மாதச் சீனி அளவு, தைரொய்ட், ஈரல், சிறுநீரகம், இரத்த அளவு, இசிஜி, வயிற்று ஸ்கேன் ஆகியவற்றை நம் பக்கத்திலேயே செய்துகொள்ளலாம். பி12, இரும்பு, விட்டமின் டி மூன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே குறைவாக இருந்தால் பிறகு இன்னும் விழும்.

குறட்டையை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றால், மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் படுப்பவரைக் கேட்டால் உண்மை தெரியும்.

சிகரெட், பீடி, சுருட்டு எல்லாவற்றையும் குறைந்தது ஆறு கிழமைக்கு முன்பே விட வேண்டும். புகை, தையல் ஆறுவதைக் கெடுக்கும். எம்பாகிளிபுளோசின் போன்ற சீனிக் குளிசை எடுப்பவர்கள் எப்போது நிறுத்துவது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சத்திரசிகிச்சைக்குச் சில நாட்களுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும்.

கடைசி இரண்டு கிழமை ஈரலைச் சுருக்கும் உணவு. பருமனானவர்களின் ஈரல் கொழுப்பேறிப் பெரிதாகி, இரைப்பையை மூடிக்கொண்டு கிடக்கும். மாச்சத்தைக் குறைத்தால் இரண்டே கிழமையில் அது சுருங்கி, வேலை செய்ய இடம் கிடைக்கும். சோறு, பாண், ரொட்டி, பணிஸ், சீனி போட்ட தேத்தண்ணி எல்லாம் நிற்க வேண்டும். அவற்றுக்குப் பதிலாக அவித்த மீன், முட்டை, கீரை, ஆடை நீக்கிய பால். “கடைசியாக ஒரு தடவை கொத்து சாப்பிட்டுவிட்டுப் போ” என்று அன்பாக அழைக்கும் உறவுகளுக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்க வேண்டியது

அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை, ஆனால் காத்திருப்பு உண்டு. தனியாரில் செய்வதென்றால் மொத்தத் தொகையை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். ஸ்டேப்ளர் காட்ரிஜ்கள்தான் பெரிய செலவு. ஒருவருக்கு ஐந்தாறு தேவைப்படும். அவை தொகைக்குள் வருகின்றனவா? தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தால்? பத்தாம் நாள் திரும்ப அனுமதிக்க வேண்டி வந்தால் அந்தச் செலவு யாருடையது? இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும். வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மொழி இன்னொரு பிரச்சினை. சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும் முன், அதில் உள்ளதைத் தமிழில் விளங்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. சிங்களமோ ஆங்கிலமோ நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். வார்ட்டில் இரவு வலி வந்தால் அது எங்கே, எப்படி என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

வைத்தியசாலை, அப்புறம் வழி

அன்று மாலையே எழுப்பி நடக்கவிடுவார்கள். வலித்தாலும் நடக்க வேண்டும்; காலில் இரத்தம் கட்டி நெஞ்சுக்குப் போகாமல் தடுப்பது அந்த நடைதான். வாயுவால் தோள்மூட்டு வலிக்கும், குமட்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் துண்டு வெட்டி அனுப்பிவிடுவார்கள்.

என் பேச்சை ஒரே ஒரு இடத்தில்தான் கேட்பீர்கள் என்றால், அது இந்த இடமாக இருக்கட்டும்: அன்றே ஊருக்கு வராதீர்கள். தையல் கசிவு, அதாவது இரைப்பையில் உள்ளது தைத்த இடத்தால் வயிற்றுக்குள் கசிவது, நூற்றில் ஒருவருக்குத்தான் வரும். ஆனால் அது பெரும்பாலும் வார்ட்டை விட்டு வந்த பிறகு, முதல் இரண்டு கிழமைக்குள்தான் தன்னைக் காட்டும். ஹபரணைக் காட்டு வழியில் நடுநிசியில் அது தொடங்கினால் என்ன செய்வது? வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சொந்தக்காரர் வீட்டில், முதலாவது கிளினிக் முடியும் வரை, பத்து நாளாவது தங்குங்கள். நாங்கள் சித்தி வீட்டில் பதினொரு நாள் இருந்தோம்.

திரும்பும்போது குருணாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று நிறுத்தி நிறுத்தி வாருங்கள். ஒவ்வொரு தடவையும் இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். இரவு ரயிலில் வருகிறவர்கள் பெட்டிக்குள்ளேயே நடக்கலாம்.

வைத்தியசாலையை விட்டு வரும்போது சிகிச்சை விபரம் எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்டின் எல்லாப் பக்கங்களையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பணப்பையிலேயே வையுங்கள். எல்லாப் பக்கங்களையும் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே வருகிறது.

குசினியில் முதல் இரண்டு மாதம்

முதல் இரண்டு கிழமை திரவம் மட்டும். வடித்த கஞ்சித் தண்ணீர், எலும்பு சூப்பின் தெளிவு, பிறகு ஆடை நீக்கிய பால், மோர், நன்றாக வடித்த பருப்புத் தண்ணீர். இளநீர் நல்லது, ஆனால் புரதம் இல்லை. மிடறு மிடறாகத்தான் குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றரை லீட்டர் இறங்க வேண்டும் என்றால் காலை முதல் இரவு வரை அதுவே வேலை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே வியர்த்தே பாதி போய்விடும். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு பலர் திரும்ப வைத்தியசாலைக்குப் போவது நீர் வற்றித்தான். அக்கா கைபேசியில் பத்து நிமிடத்துக்கு ஒரு மணி வைத்து, ஒவ்வொரு மணிக்கும் இரண்டு மிடறு குடித்தார். சோடா வேண்டாம்.

மூன்றாம் நான்காம் கிழமை அரைத்தது, மசித்தது. முள் எடுத்த மீனைச் சொதியோடு மசித்து, உறைப்பும் தேங்காய்ப்பாலும் குறைத்துக் கொடுத்தோம். தம்பலகாமத்து எருமைத் தயிர் பெரிய உதவி. சீனியோ பாணியோ விட்டு அடிக்கும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும். ஐந்தாம் ஆறாம் கிழமை மென்மையானது: அவித்த முட்டை, பாரை மீன் துண்டு, குழைய அவித்த பயறு, பூசணி. ஒரு வேளைக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டிதான் இறங்கும். அதற்கே இருபது நிமிடம் எடுக்க வேண்டும்.

புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையக்கூடாது. முட்டை ஒன்றில் 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20க்கு மேல். கடற்கரை ஊரில் இருப்பது இந்த விசயத்தில் நமக்குப் பாக்கியம். தட்டில் முதல் மீன், பிறகு மரக்கறி, இடம் இருந்தால் கடைசியில் சோறு. சைவக்காரர்கள் தயிர், பயறு, சோயா, பால்மா என்று கணக்குப் பார்த்துச் சேர்க்க வேண்டும். புரத மாவும் தேவைப்படலாம்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது. சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான்.

பிட்டு, பாண், ரொட்டி மூன்றும் வில்லங்கம். உதிரியாக இறங்கி, குழாய்க்குள் ஊறிப் பெருத்து அடைத்துக்கொள்ளும். எங்களுக்கு நடந்ததும் அதுதான்.

சத்தி நிற்காத நாள்

ஐந்தாம் கிழமை. குழல் பிட்டு வாசம் பொறுக்காமல் அக்கா இரண்டு பிடி சாப்பிட்டுவிட்டார். அன்று தொடங்கிய சத்தி நாலு நாள் நிற்கவில்லை. தண்ணீரும் தங்கவில்லை. பக்கத்தில் ஓர் இடத்துக்குக் கொண்டுபோனோம். குளுக்கோஸ் சேலைன் ஏற்ற ஆயத்தமானார்கள். யாருக்கும் அது பிழையாகத் தெரியாது. சத்தி எடுத்துச் சோர்ந்தவருக்கு நாம் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

ஆனால் பல நாள் சத்தி எடுத்த ஸ்லீவ் நோயாளிக்கு உடலில் பி1 விட்டமின், அதாவது தயமின், தீர்ந்து போயிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். சிலருக்கு அது நிரந்தரமாகிவிடும். தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு. இந்தக் குறிப்பு எங்கள் கார்டின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தது. நாங்கள் எடுத்து வந்ததோ முதல் பக்கத்தின் பிரதி மட்டும். நல்லவேளையாகக் கொழும்பு வைத்தியரின் இலக்கத்துக்கு அழைத்தோம். அவர் அங்கிருந்த வைத்தியரோடு நேராகப் பேசினார். ஊசி முதலில் போட்டார்கள். அன்று என் கை நடுங்கிய நடுக்கம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இரண்டு நாளுக்கு மேல் சத்தி நின்றபாடில்லை என்றால் வைத்தியசாலைக்குப் போங்கள். “இரைப்பையை வெட்டி எடுத்தவர், தயமின் வேண்டும்” என்று வாயால் சொல்லுங்கள். மூக்கு வழியாகக் குழாய் இறக்க வேண்டி வந்தாலும் சத்திரசிகிச்சை நடந்ததை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். புதிய தையலைக் குத்திவிடும் ஆபத்து இருக்கிறது.

ஒரு மணித்தியாலம்கூடக் காத்திருக்கக்கூடாத அறிகுறிகள்: ஓய்வாக இருக்கும்போதே நாடித்துடிப்பு 120க்கு மேல், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, புதிதாக இடது தோளில் வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்குதல், கறுப்பாக மலம். கசிவில் முதலில் வருவது பெரும்பாலும் வேகமான நாடித்துடிப்புதான், வலியல்ல. வீட்டில் ஒருவர் நாடி பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். திருகோணமலையில் ஸ்கேன் எடுத்து நிலைப்படுத்திவிட்டு மாற்றுவதா, நேராகக் கொழும்புக்கு மாற்றுவதா என்பதை இங்குள்ள வைத்தியரும் கொழும்பு வைத்தியரும் பேசி முடிவெடுக்கட்டும். அவர்களைத் தொலைபேசியில் இணைத்துவிடுவது உங்கள் வேலை.

குளிசைகள்

சீனி, பிரஷர் குளிசைகளைப் பழைய அளவிலேயே போடாதீர்கள். சாப்பாடு குறைந்த முதல் நாளிலிருந்தே சீனி இறங்கும். இன்சுலினும் கிளிக்லசைட்டும் பழைய அளவில் தொடர்ந்தால் சீனி அபாயமாக விழுந்துவிடும். வீட்டில் சீனி பார்க்கும் மெஷின் கட்டாயம்.

அமிலம் குறைக்கும் குளிசை சில மாதம். வேகமாக மெலியும்போது பித்தப்பையில் கல் உண்டாகும். அதைத் தடுக்கச் சிலருக்கு ஆறு மாதம் மருந்து கொடுப்பார்கள். விட்டமின்கள் மட்டும் ஆயுள் முழுவதும்: பல்விட்டமின், பி12, கல்சியமும் விட்டமின் டியும், மாதவிடாய் உள்ள பெண்களுக்குக் கூடுதலாக இரும்பு. இரும்பையும் கல்சியத்தையும் ஒரே நேரம் எடுத்தால் ஒன்றை ஒன்று தடுக்கும். இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள். மூட்டு வலிக்கு டிக்ளோபெனாக், புருஃபென் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கிப் போட வேண்டாம். பரசிட்டமோல் போதும்.

முதல் வருடமும் அதற்கு அப்பாலும்

மூன்றாம் மாதமளவில் தலைமயிர் கொத்தாகக் கொட்டும். பயந்து எண்ணெய்களில் காசைக் கொட்டாதீர்கள். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் சில மாதத்தில் திரும்ப முளைக்கும். தோல் தொங்கும், அது தானாகச் சரியாகாது.

பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். நிறை குறைந்ததும் நின்றிருந்த மாதவிடாய் திரும்பும். வருடக்கணக்காகப் பிள்ளை தங்காதவர்களுக்கும் எதிர்பாராமல் தங்கிவிடலாம். அதனால் முன்பே வைத்தியரிடம் பேசுங்கள்.

விரதம் பற்றியும் சொல்ல வேண்டும். கந்தசஷ்டியோ கௌரி விரதமோ, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து உறவுகளின் ரமழான் நோன்போ, தண்ணீர்கூட இல்லாமல் பகல் முழுவதும் இருப்பது முதல் ஒரு வருடமாவது வேண்டாம். நோயாளிக்குச் சலுகை இருக்கிறது. அக்கா அந்த வருடம் கோணேசர் கோவிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, கையில் தண்ணீர்ப் போத்தலோடு திரும்பி வந்தார்.

கலியாண வீட்டில் மாமிமார் விடமாட்டார்கள். “என்ன பிள்ளை, இப்படி மெலிஞ்சு போனாய், இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா?” முதலில் அக்கா விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சின்னத் தட்டை எடுத்து, மெதுவாகச் சாப்பிட்டு, தட்டு காலியாகாமல் பார்த்துக்கொண்டார். காலியான தட்டைக் கண்டால்தானே கரண்டி வரும்.

எதிர்பார்ப்பு நியாயமாக இருக்கட்டும். ஒன்றிரண்டு வருடத்தில் மொத்த நிறையில் ஏறத்தாழக் கால்பங்கு குறைவது வழமை. அக்கா 14 மாதத்தில் 76 கிலோவுக்கு வந்தார்; இப்போது 79. கொஞ்சம் ஏறுவது பலருக்கும் நடக்கும். ஐஸ்கிரீம், பிஸ்கட், இனிப்புப் பானம் எல்லாம் இந்தக் குழாய்க்குள் தடையில்லாமல் வழுக்கிப் போய்விடும். நிறை திரும்புவது பெரும்பாலும் அந்த வழியால்தான். ஏறத் தொடங்கினால் வெட்கப்பட்டுக் கிளினிக்கைத் தவிர்க்க வேண்டாம். அதற்கும் மருந்து இருக்கிறது, தேவைப்பட்டால் இரண்டாம் சத்திரசிகிச்சையும் இருக்கிறது.

இரத்தப் பரிசோதனை 3, 6, 12ஆம் மாதங்களில், பிறகு வருடம் ஒரு தடவை. இதற்கு ஒவ்வொரு முறையும் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. இங்கே எடுத்து ரிப்போட்டை அனுப்பி, தொலைபேசியில் பேசிக்கொள்ள வைத்தியரிடம் முன்பே சம்மதம் வாங்கியிருக்கிறோம். அக்காவின் அடுத்த பி12 பரிசோதனை தைப்பொங்கல் கழிந்த கிழமை. குசினிக் கலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார்.